ஐ.நா. வேலைக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படித்து, ஐ.நா. மாதிரி ஓர் அமைப்பில் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. பைபாஸ் ரோட்டில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். பிரிட்டனில் ஒரு வருடப் படிப்பு, எல்லாம் சேர்த்து 28 லட்சம், முடித்தால் ஐ.நா.விலேயே வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்து 25 லட்சம் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். அம்மாவோ பி.எட். முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர், போதும் என்கிறார். இலக்கியம் படித்தவளுக்கு இந்தத் துறையில் இடம் உண்டா? நான் என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கடனை முதலில் பேசிவிடுவோம் அம்மா. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

25 லட்சத்தை 11 சதவீத வட்டியில், பத்து வருடத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 34,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். அதனால்தான் பேச்சு நேராகப் பத்திரத்தில் வந்து நின்றிருக்கிறது. உங்களுக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் அந்த 34,000 கடைக் கல்லாவில் இருந்துதான் போகும். மழைக்காலத்தில் கட்டட வேலை நின்று, சிமென்ட் மூட்டை அசையாமல் கிடக்கிற மாதத்திலும் போகும். அப்பாவோடு உட்கார்ந்து கடைக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஓர் எண்ணை மட்டும் பேசிப் பாருங்கள்.

அங்கேயே வேலை பார்த்துக் கட்டிவிடலாம் என்று கன்சல்டன்சியில் சொல்லியிருப்பார்கள். பிரிட்டனில் படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை தேட இரண்டு வருடம் கொடுத்துவந்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். அதற்குப் பிறகும் இருக்க வேண்டும் என்றால் ஒரு நிறுவனம் உங்களுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். பொதுவாக ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டாவது இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வரம்பு கொஞ்சம் தளரும், ஆனாலும் பெரிய தொகைதான். கம்ப்யூட்டர் படித்தவர்களே மூச்சு வாங்குகிற இடம் அது. தொண்டு நிறுவனமோ ஆய்வு நிறுவனமோ, அனுபவம் இல்லாத ஒருவருக்கு அந்தச் சம்பளமும் கொடுத்து விசாவும் எடுத்துத் தருவது அரிது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பாடத்துக்கென்று உலகிலேயே முதல் பேராசிரியர் பதவி 1919-ல் வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித்தில்தான் உருவானது. படிப்பு நல்ல படிப்பு. இருபத்தொரு வயதில், கடன் வாங்கி, அனுபவம் இல்லாமல் போவதுதான் சரியில்லை.

அடுத்து அந்த "ஐ.நா.விலேயே வாய்ப்பு". ஐ.நா.வுக்கு கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது. எந்தப் பல்கலைக்கழகமும் எந்த ஏஜென்டும் உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. விண்ணப்பம் முதல் பயிற்சி வரை எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை, யாராவது "பிராசசிங் சார்ஜ்" என்று வாயைத் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே அலுவலர் பணியில் நடைமுறையில் முதல் படி பி-2 (P-2) என்கிற நிலை. அதற்கே முதுகலைப் பட்டத்தோடு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கு இளம் அலுவலர் தேர்வு என்று ஒன்று உண்டு. வயது 32-க்குள் இருக்க வேண்டும், இளங்கலைப் பட்டமே போதும், ஆனால் அந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் நாடு இருந்தால்தான் எழுத முடியும். ஊழியர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கிற நாடுகளுக்கான பட்டியல் அது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்தியாவின் பெயர் அதில் இருக்கும் என்று நம்பி வாழ்க்கைத் திட்டம் போட முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காலம் இப்போது மோசம். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025 ஜூலையோடு இழுத்து மூடப்பட்டது. அதே ஆண்டில் அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு சுமார் 3,500 பணியிடங்களைக் குறைத்தது. ஐ.நா. தலைமைச் செயலகமே 2026 பட்ஜெட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை வெட்டத் திட்டம் போட்டது. வேலை இழந்த அனுபவசாலிகள் எல்லாரும் இப்போது அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். நாளைக்கே அந்த வரிசையில் போய் நிற்பதைவிட, நான்கைந்து வருடம் கழித்துக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு போய் நிற்பது புத்திசாலித்தனம்.

கையில் என்ன வைத்துக்கொள்வது? இப்படிப்பட்ட அமைப்புகளில் ஆளெடுக்கும் குழுக்களில் உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன். ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வரும். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். அந்த வரியில் யார் கண்ணும் நிற்காது. கீழே, என்ன வேலை செய்தார் என்கிற இடத்தில்தான் நிற்கும். "மனித உரிமைகளில் ஆழ்ந்த ஆர்வம்" என்று எழுதியவரைத் தள்ளிவிட்டு, "இரண்டு முகாம்களில் வீடு வீடாகப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தைகளின் பட்டியல் எடுத்தேன், தாலுகா ஆபீஸில் மனு போட்டு வாங்கிக் கொடுத்தேன்" என்று எழுதியவரைக் கூப்பிடுவோம். நேர்காணலிலும் அப்படித்தான். உலக அரசியல் பற்றிய கேள்வி குறைவாகத்தான் வரும். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரை வைத்து ஒரு வேலையை எப்படி முடித்தீர்கள், கணக்கில் தவறு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் அடக்கமாக, குழுவாகச் செய்தோம் என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதில் உங்கள் பங்கு எது என்பது வெளியே வராவிட்டால் மதிப்பெண் போட எங்களுக்கு ஒன்றும் இருக்காது.

அதனால் படிப்பைத் தேர்வு செய்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தேர்வு செய்யுங்கள். அகதிகளா, தொழிலாளர் உரிமையா, கடலும் மீன்வளமுமா, பொது சுகாதாரமா? சர்வதேச உறவுகள் என்ற பெரிய பெயருக்குள் உங்களுக்கென்று ஒரு மூலை வேண்டும். அதைத் தேட ஜெனீவா போக வேண்டாம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. மதுரைக்கு இந்தப் பக்கம் ஆனையூர், அந்தப் பக்கம் திருவாதவூர். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. பெயர் மாறியதே தவிர உள்ளே இருப்பவர்களுக்கு அதனால் குடியுரிமை வந்துவிடவில்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967 நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அப்புறம் இங்கேயே பிறந்த பிள்ளைகள்? அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டபோது அதிகாரிகள் மறுத்தார்கள். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிறப்பால் அவர் இந்தியர்தான், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் கதையே வேறு. அதே முகாமில், அதே கூரைக்குக் கீழே, அக்கா இந்தியர், தங்கை நாடற்றவர் என்று ஆகக்கூடிய சட்டம் இது. ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு பருவத்துப் பாடம் அதற்குள் இருக்கிறது. சொந்த விருப்பத்தில் இலங்கைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு, அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பான யு.என்.எச்.சி.ஆரின் சென்னை அலுவலகம் உதவி வந்திருக்கிறது. ஐ.நா. உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

மீன் விஷயமும் அப்படித்தான். கச்சத்தீவு என்றால் 1974, 1976 ஒப்பந்தங்களை எல்லா மேடையிலும் பேசிவிடுகிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 2022 ஜூனில் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் கொடுத்த பிறகு 2025 செப்டம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் இனங்களுக்கும் அரசுகள் மானியம் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த கட்டப் பேச்சில், அளவுக்கு அதிகமான படகுகளை ஊக்குவிக்கிற மானியங்களைத் தடுக்கப் பார்க்கிறார்கள். வளரும் நாடுகளுக்கு 25 வருட அவகாசம் வேண்டும் என்று இந்தியா நிற்கிறது. தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு வரி விலக்கோடு டீசல் கிடைக்கிறதே, அது இந்தப் பேச்சில் எந்தப் பக்கம் வரும்? தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்காரர் ஒரு பதில் சொல்வார், நாட்டுப்படகுக்காரர் இன்னொரு பதில் சொல்வார். கடலடியை வாரி இழுக்கிற இழுவை மடியில் தங்கள் வலை அறுந்துபோகிறது என்று சொல்கிற யாழ்ப்பாணத்து மீனவர் மூன்றாவது பதில் சொல்வார். மூவரும் தமிழர்கள். இலங்கை 2017-லேயே இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. "இந்தியாவின் நிலைப்பாடு" என்று பாடப் புத்தகம் ஒரு வரியில் எழுதுவதற்குள் இத்தனை பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சண்டையைப் படிக்கத் தெரிவதுதான் இந்த எம்.ஏ.

தொழிலாளர் பக்கம் போனால் திண்டுக்கல். அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த பெண் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண் தொழிலாளர்கள் நடத்துகிற ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கமும், ஆசிய அளவிலான ஒரு தொழிலாளர் கூட்டணியும், அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் சேர்ந்து, ஆலை நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் பிராண்டோடும் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டன. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, ஆலைக்குள்ளேயே தொழிலாளர்கள் கண்காணிக்கிற ஏற்பாடு அதில் இருந்தது. உலகம் முழுக்க அதன் பெயர் திண்டுக்கல் ஒப்பந்தம்தான். வெளிநாட்டுத் தொழிலாளர் நல வகுப்புகளில் பேசப்படுகிற ஊர், ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

சரி, எங்கே படிப்பது? உங்கள் முதல் முயற்சி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர்வதற்கான கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வாக இருக்கட்டும். சில ஆண்டுகளாக மார்ச் மாதத்தில் நடக்கிறது. டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம் திறக்கிறது. 75 கேள்விகள், 90 நிமிடம், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். உங்களுக்கு அது தடை இல்லை. டெல்லியில் ஜே.என்.யு.வின் சர்வதேசக் கல்விப் பள்ளிதான் இந்தியாவில் இந்தத் துறையின் தாய்வீடு. 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-ல் ஜே.என்.யு.வோடு சேர்ந்தது. கட்டணம் மிகக் குறைவு. விடுதிச் செலவையும் டெல்லிக் குளிரையும் தாங்கினால் போதும். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த எம்.ஏ. உண்டு, தெற்காசியப் படிப்பும் தனியாக உண்டு. இலங்கை விவகாரத்தில் உங்களுக்கு ஆர்வம் என்றால் நான் புதுச்சேரிக்கு ஓர் ஓட்டு கூடுதலாகப் போடுவேன். இந்த இரண்டும் கியூட் வழியில் வருபவை. டெல்லியில் சார்க் நாடுகள் சேர்ந்து 2010-ல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் தனியாக மாணவர் சேர்க்கை நடத்துகிறது. வகுப்பில் நேபாளி ஒருவர், வங்கதேசத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எந்தப் பாடத்திலும் கிடைக்காத விஷயம்.

நம் ஆட்கள் கவனிக்காத ஓர் இடம் கோட்டயம். அங்கே மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளுக்கும் அரசியலுக்கும் ஒரு தனிப் பள்ளியே இருக்கிறது. தேனி, குமுளி வழியாக மலையேறி இறங்கினால் வந்துவிடும். மகள் டெல்லிக்குப் போவதில் அம்மாவுக்குத் தயக்கம் என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் லட்சக்கணக்கில் வாங்குகிற படிப்புகளும் உண்டு, சில நல்லவையும்கூட. உங்கள் வீட்டு நிலைக்கு அவற்றை நான் எடுத்துச் சொல்லப் போவதில்லை.

எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். சர்வதேசச் சட்டம் ஒரு தாளாவது, பொருளாதாரம் ஒரு தாளாவது, ஆய்வு முறையும் புள்ளியியலும் ஒரு தாளாவது இருக்க வேண்டும். கோட்பாடுகளும் பழைய போர்களும் மட்டும் இருந்தால், படிக்கச் சுகமாக இருக்கும், வெளியே வந்த பிறகு கஷ்டம். எண்களைக் கண்டு பயப்படுகிற பழக்கம் இலக்கிய மாணவர்களுக்கு உண்டு. எக்செல்லும் அடிப்படைப் புள்ளியியலும் தெரியாமல் எந்தத் திட்ட அறிக்கையும் எழுத முடியாது. அதை இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

இலக்கியம் படித்தவளுக்கு இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக உண்டு. எந்தப் பட்டமும் போதும் என்று சொல்கிற துறைகள்தான் இதில் அதிகம். நீளமான பிரதியைப் பொறுமையாகப் படித்து, இவர் ஏன் இந்த இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டார் என்று யோசிக்கப் பழகியவர் நீங்கள். ஒரு பாதுகாப்பு கவுன்சில் தீர்மானத்தைப் படிக்க அதே கண்தான் வேண்டும். "கண்டிக்கிறது" என்பதற்கும் "கவலை தெரிவிக்கிறது" என்பதற்கும் நடுவே பல இரவுகள் பேரம் நடந்திருக்கும்.

எம்.ஏ. முடித்த கையோடு வெளிநாடு வேண்டாம். இரண்டு வருடம் வேலை பாருங்கள், முடிந்தால் மதுரையிலேயே. 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிறுவனமான லைகோவுக்குப் பல நாடுகளில் இருந்து மருத்துவமனை நிர்வாகிகள் படிக்க வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்கிற மையம் அது. கிராமப்புற வளர்ச்சிப் பணியில் தானம் அறக்கட்டளை இருக்கிறது. மனித உரிமைப் பக்கம் மக்கள் கண்காணிப்பகம். ஐ.நா. மனித உரிமை மன்றம் நாலரை வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டையும் கூப்பிட்டு விசாரிக்கும். இந்தியாவின் நான்காவது சுற்று 2022 நவம்பரில் நடந்தது. அப்போது அரசு தரும் அறிக்கையோடு, மக்கள் அமைப்புகள் தருகிற தகவல்களையும் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு தகவல் எப்படித் தயாராகிறது, ஒரு வாக்குமூலத்தை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதை ஒருமுறை உள்ளே இருந்து பார்த்துவிட்டால் போதும், பிறகு எந்த நேர்காணலிலும் உங்களுக்குப் பேச விஷயம் இருக்கும்.

சம்பளம் ரொம்ப இருக்காது. வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020-ல் திருத்திய பிறகு, வரும் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆகிவிட்டது. பல அமைப்புகள் ஆட்களைக் குறைத்துவிட்டன. இந்தத் துறையில் காலூன்ற வேண்டும் என்றால் இதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். கூடவே ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பதிவு செய்துவையுங்கள். தன்னார்வலர் என்றாலும் மாதப்படி உண்டு. 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. இந்தியாவுக்குள்ளேயே இருக்கிற இடங்களும் அதில் வரும். சென்னையில் யுனிசெஃப் அலுவலகமும் இருக்கிறது. ஐ.நா.வுக்குள் போன நம் ஊர்க்காரர்கள் பலர் இப்படிப் பக்கவாட்டில் போனவர்கள்தான்.

அந்த இரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கதவைத் தட்டினால், பணம் அவர்கள் கொடுப்பார்கள். பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். ஏறக்குறைய இரண்டு வருடம். கட்டணம், தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடித்த பிறகு இரண்டு வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும். கன்சல்டன்சி 28 லட்சத்துக்கு விற்கிற அதே ஒரு வருடப் படிப்பு! ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளுக்கு அனுபவம்கூடக் கட்டாயம் இல்லை. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ. போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்க ஒரு ரூபாய் செலவில்லாத படிப்புகள் நிறைய. கடைசி ஆண்டு மாணவர்களும் போடலாம். இந்த வருடமே ஒன்றிரண்டு போட்டுப் பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம், மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற "முடக்கப்பட்ட கணக்கில்" முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அமெரிக்கா என்றால் மூன்று வருட பி.ஏ.வைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், எம்.ஏ. கையில் இருந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நீங்கள் கடிதத்தில் சமூகத்தைக் குறிப்பிடவில்லை, குறிப்பிட வேண்டியதும் இல்லை. ஆனால் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது பயன்படும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீர்மரபினரும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினரும், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினரும் அதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள் இருக்க வேண்டும். மாநில அரசு சில வருடம் சீர்மரபினருக்கு டி.என்.சி. (சீர்மரபு வகுப்பினர்) என்றும் டி.என்.டி. (சீர்மரபுப் பழங்குடியினர்) என்றும் இரண்டு விதமாகச் சான்றிதழ் கொடுத்துக் குழப்பியது. மத்திய அரசுத் திட்டங்களுக்கு டி.என்.டி. சான்றிதழ்தான் செல்லும். அதைக் கடைசி நேரத்தில் தேடி ஓடாமல் முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மொழி. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு. தலைமைச் செயலகத்தில் அன்றாடம் புழங்குவது ஆங்கிலமும் பிரெஞ்சும். கல்லூரியில் பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்து 90 மதிப்பெண் வாங்கியவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்கச் சொன்னால் சிரிப்பார்கள். பிரெஞ்சு மொழித் தகுதிக்கான டெல்ஃப் தேர்வில் பி-2 (B2) நிலை வரை போனால்தான் விண்ணப்பத்தில் எழுத மனசு வரும். எம்.ஏ. படிக்கிற இரண்டு வருடத்தில் அது முடியக்கூடிய காரியம்தான்.

வெளியுறவுப் பணி பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் வீட்டில் யாராவது கேட்பார்கள். சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் விருப்பப் பாடமாக இருப்பதால் இந்த எம்.ஏ. கை கொடுக்கும். வெளியுறவுப் பணிக்கு ஆண்டுக்குச் சில பத்து இடங்கள்தான். எழுதுவதாக இருந்தால் எம்.ஏ.வோடு சேர்த்து எழுதுங்கள், அதற்காக வருடக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டாம்.

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் கேட்பது பி.எட். இல்லை, கையில் நிரந்தரமாக ஒரு வேலை. எம்.ஏ. முடித்து யு.ஜி.சி. நெட் எழுதினால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம் என்றும், அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் வரும் என்றும் சொல்லுங்கள். பி.ஏ. ஆங்கிலம் கையில் இருக்கும்வரை பி.எட். கதவு மூடாது, இரண்டு மூன்று வருடம் கழித்தும் சேரலாம்.

கியூட் விண்ணப்பம் திறக்கும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். முதலில் ஐ.நா. சாசனத்தைப் படியுங்கள். மொத்தம் 111 பிரிவுகள், ஒரே நாளில் முடித்துவிடலாம். 101-வது பிரிவின் மூன்றாவது பத்தியில் ஆளெடுப்பது எப்படி என்று எழுதியிருக்கிறது. திறமையும் நேர்மையும் முதலில், அதோடு எல்லா நிலப்பகுதிகளுக்கும் இடம். கன்சல்டன்சிக்கு முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு அப்பாவோடு இந்த வாரமே போய்த் திரும்பக் கேளுங்கள். ஆஃபர் லெட்டருக்குப் பல்கலைக்கழகத்தில் டெபாசிட் கட்டிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.